பதினோராம் ஈடு

தருவைக்குடியில் மச்சங்கள் இடம் மாறத் தொடங்கிய வருஷம் உப்பு நன்றாக விளைந்தது, கார்த்திகைக்கு முன்னால் மழை எட்டிப் பார்க்கவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் புது மேற்கூரை போட்டார்கள். ஆகவே ஊர்க்காரர்கள் அந்த வருஷத்தைப் பற்றிப் பேசினால் இந்த மூன்றையும் சொல்லி முடித்துவிட்டு நாலாவதாகத்தான் மச்சத்துக்கு வருவார்கள். தூத்துக்குடியிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸில் ஏறி, இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக வெள்ளை விரிந்து கண் கூசத் தொடங்கும் இடத்தில் இறங்கினால் அந்த ஊர். மேலிருந்து ஒரு தடவையும் உப்பில் பட்டுக் கீழிருந்து ஒரு தடவையுமாக வெயில் இரண்டு தடவை அடிக்கிற இடம் என்பதால், உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களுக்குத் தாடைக்கு அடியில்கூடக் கருத்துப் போயிருக்கும். இட்லிக்கடை பிரமசக்தி முகத்துக்குப் பூசுகிற ஜெல் செய்கிறாள் என்று தெரிந்ததும் வாசலில் ஆள் நின்றதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பிரமசக்தி அதை ஊருக்காகச் செய்யத் தொடங்கவில்லை, தன் நெற்றிக்காகச் செய்தாள். அவள் புருஷன் லிங்கதுரை உப்பு லாரி ஓட்டினவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆவணி மாசம் பத்து டன் உப்போடு வடக்கே போனவன் திரும்பி வரவில்லை; திண்டுக்கல் தாண்டி ஒரு புளியமரத்தடியில் லாரி மட்டும் சாவியோடு நின்றது, கதவில் அவன் துண்டு தொங்கியது, நாலு நாள் மழையில் பாதி உப்பு கரைந்து வழிந்து ரோட்டோரத்துப் புல்லையெல்லாம் கருக்கியிருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த புகாரில் அங்க அடையாளம் என்று கேட்ட இடத்தில், இடது காதுக்குப் பின்னால் ஒரு மிளகும் ஒரு கடுகும் ஒட்டிக்கொண்டதுபோல் மச்சம் என்று சொல்லி எழுத வைத்தவள் அவனைப் பெற்ற சிவனணைஞ்சாள். அந்த அடையாளத்தைச் சொல்லி மூன்று தடவை மூன்று ஊர் ஆஸ்பத்திரிக்குப் பிரமசக்தியைக் கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் அவள் போய், முன்பின் தெரியாத ஒரு செத்த ஆம்பளையின் இடது காதை மடக்கிப் பார்த்து, இல்லை என்று சொல்லி, வெளியே குழாயில் கையைக் கழுவிவிட்டு பஸ் ஏறினாள்.

செத்தான் என்று சொல்ல யாரும் இல்லாததால் அவள் பொட்டு வைத்திருந்தாள். மாசம் பிறந்தால் சிவனணைஞ்சாள் ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கிவந்து சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிடுவாள். “நெத்தியக் காலியா வச்சிராத தாயி, தூங்கும்போதும் எடுக்காத, அவன் எங்க இருந்தாலும் அவனுக்கு ஆகாது” என்பாள். அந்தப் பசை ஒன்பது வருஷமாகத் தோலைத் தின்றது. முதலில் எள்ளளவுக்கு ஒரு வெள்ளை. அதை மறைக்கக் கொஞ்சம் பெரிய பொட்டு. அதன் பசையில் கொஞ்சம் பெரிய வெள்ளை. அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டு. இப்படியே போய் இப்போது அவள் நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பு உட்கார்ந்திருந்தது. காணாமல் போனவன் மேல் அவளுக்குப் பாசம் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது என்று ஊர் அதற்குப் பொருள் சொன்னது. பிரமசக்திக்கு அந்தப் பொட்டைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அதை யாரிடமும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

போனில் பார்த்துப் பார்த்துப் படித்தாள். ஆளி விதையைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, முட்டையின் வெள்ளைக்கரு போல நூல் விழுகிற பதத்தில் இறக்கி, ஆறுவதற்குள் பழைய வாயில் புடவைத் துணியில் வடிகட்டினால் அடி ஜெல் ரெடி. அதில் கற்றாழைச் சோறு கொஞ்சம். சுற்றியுள்ள கருப்பை மங்கவைத்து வெள்ளையோடு சமமாக்கும் என்று போன் சொன்ன மருந்துப் பொடிகள் தூத்துக்குடியிலிருந்து சின்னச் சின்னப் பொட்டலமாக வந்தன. நியாசினமைடு என்பது மாவு மாதிரி வெள்ளை, கோஜிக் என்பது இன்னும் வெள்ளை, அதிமதுரச் சத்து மட்டும் பழுப்பு. பொடியை நேரே ஜெல்லில் கொட்டினால் கட்டி தட்டும். ஆகவே பேட்டரிக் கடையில் விற்கிற வடித்த தண்ணீரில் தனியாகக் கரைத்து, ஜெல் கைச்சூட்டுக்கு ஆறின பிறகு, நூல் மாதிரி விட்டுக்கொண்டே, ஒரே பக்கமாக, நுரை எழும்பாமல், சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நூற்றுக்கு நாலுக்கு மேல் போனால் எரியும், இரண்டுக்குக் கீழே போனால் பிரயோஜனமில்லை. நிறம் மாறுகிற காகிதத்தை நனைத்துப் புளிப்புப் பார்க்க வேண்டும். கடைசியில் கெடாமல் இருக்க ஒரு மருந்து நாலு சொட்டு. எல்லாம் முடிந்ததும் முதல் விரலைத் தன் இடது முழங்கையின் உட்பக்கம் தடவி, ஒரு நாள் பொறுத்து, சிவக்கவில்லை என்றால்தான் டப்பாவில் அடைப்பாள். இட்லிக்காரி ஆனதால் ஒரு தடவை கிண்டி இறக்குவதை ஈடு என்றே சொன்னாள். டப்பாவின் அடியில் எத்தனாவது ஈடு என்று எழுதிவைத்தாள்.

முதல் மூன்று ஈடும் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. நாலாம் ஈடு முகங்களுக்குப் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள், ஞானதீபம் டீச்சரின் மேலுதட்டில் ஐம்பது வருஷமாக இருந்த மச்சம் காலையில் எழுந்து பார்த்தபோது இல்லை. அதற்கு இரண்டு நாள் கழித்துத் தையல்கடை அன்னப்பழம் இட்லி வாங்க வந்தபோது அவள் தாடையில் அது இருந்தது, நடுவில் முளைத்திருந்த ஒற்றை முடியோடு.

“டீச்சர், இது உங்க மச்சம்லா?” என்றாள் அன்னப்பழம், வரிசையில் முன்னால் நின்ற டீச்சரின் தோளைத் தொட்டு.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். “ஆமா, என்னுதுதான். அந்த முடியை ஏன் வெட்டாம வச்சிருக்க?”

“வெட்டலாமா டீச்சர்? கேக்காம எப்படின்னு வச்சிருக்கேன்.”

“வாரத்துக்கு ஒருக்கா வெட்டிரு. ஞாயித்துக்கிழமை, கோயிலுக்குப் போறதுக்கு முன்னால. நாலு இட்லி கூட வையி பிரமசக்தி, வீட்டுக்கு ஆள் வந்திருக்கு.”

அவ்வளவுதான் அன்றைக்கு நடந்த பேச்சு. அதற்குள் அதே ஈட்டில் வாங்கின மற்றவர்களுக்கும் ஆரம்பித்துவிட்டது; ஒருத்தியின் அம்மைத் தழும்பு இன்னொருத்தியின் நெற்றிக்குப் போனது, கண்ணாடி அழுத்தின தடம் கண்ணாடியே போடாதவள் மூக்கில் ஏறியது. ஒரு ஈட்டில் செய்ததை யார் யார் பூசினார்களோ அவர்களுக்குள்ளேதான் மாறியது, அடுத்த ஈட்டுக்குத் தாண்டவில்லை. வருகிறது எங்கே பூசியிருக்கிறதோ அங்கேதான் வந்து இறங்கியது. ஏன் என்று கேட்டவர்கள் மூன்று பேர். உப்புக்காற்று என்றார் ஒருவர். பேட்டரித் தண்ணீர் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் மருந்துக்கடைக்காரர், யாருக்கும் அரிப்போ காய்ச்சலோ இல்லாதபோது காரணம் எதற்கு என்று கேட்டார், அதுவே சரி என்று விட்டுவிட்டார்கள்.

காரணத்தைவிட ஊருக்கு முறைதான் பெரிய தலைவலியாக இருந்தது. ஒரே ஈட்டுக்காரிகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? வாட்ஸாப்பில் ஈட்டுக்கு ஒரு குழு வந்தது; நாலாம் ஈடு, ஐந்தாம் ஈடு, ஆறாம் ஈடு என்று அழைப்பிதழில் போட்டார்கள்; ஐந்தாம் ஈட்டில் ஒருத்தி வீட்டில் சாவு விழுந்தால் ஐந்தாம் ஈடு முழுக்கச் சமைக்காமல் போய் நின்றது. ஆறாம் ஈட்டில் ஒரு பையன் வீட்டார் அதே ஈட்டில் பெண் கேட்டபோது கூடாது என்றது ஒரு கட்சி, கூடும் என்றது ஒரு கட்சி. கோயில் வாசலில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கப் பேசிக் கடைசியில், மச்சம் கொடுத்தவன் மச்சான் முறையாக வேண்டும் என்று தீர்த்தார்கள், சொல்லே அப்படித்தானே இருக்கிறது என்று. மச்சத்தைப் பெண்வீடு கொடுத்திருக்கிறதா பிள்ளைவீடு கொடுத்திருக்கிறதா என்று தரகர் போட்டோவை வைத்துக்கொண்டு வீடு வீடாக அலைந்தார். கடைசியில் அந்தப் பையனும் பெண்ணும் யாரையும் கேட்காமல் திருச்செந்தூரில் போய்த் தாலி கட்டிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் எட்வின் ஹெட்மாஸ்டருக்கு வேறு கவலை. மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் என்று இரண்டு கோடு இருக்கிறது. வலது கன்னத்தில் ஒரு மச்சம் என்று மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், பிள்ளை கல்லூரியில் போய் நிற்கும்போது கன்னம் காலியாக இருக்கிறது. அவர் மேலே எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை. அந்த இரண்டு கோட்டை மட்டும் பென்சிலில் எழுதி, பக்கத்தில் ‘இன்றைய நிலவரப்படி’ என்று போட ஆரம்பித்தார்.

காண்டிராக்டர் ராஜபாண்டி அண்ணாச்சிக்கு உதட்டுக்குக் கீழே ஒரு மச்சம். தொட்டதெல்லாம் துலங்குகிறவர், மச்சக்காரர் என்று பேர். வீட்டுக்காரி டப்பாவில் ஒரு விரல் எடுத்துப் பூசிப் பார்த்தார், அது கிளம்பிப் போய் அளத்துக்கூலி முத்தரசியின் கன்னத்தில் உட்கார்ந்துவிட்டது. ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஆறு மாசத்தில் முத்தரசிக்கு வந்தது ஒரு பல்வலி. அண்ணாச்சிக்கு மச்சம் இல்லாமலே பாலம் கட்டுகிற வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு தருவைக்குடியில் யாரும் யாரையும் மச்சக்காரன் என்று சொல்வதில்லை.

இதற்கு நடுவே ஒரு நாள் மத்தியானம், உப்பளத்துக் கங்காணி சுடலைமணி பிரமசக்தி வீட்டுக்கு வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

“தாயி, ஒரு ஈடு ரெண்டே டப்பா மட்டும் போட முடியுமா? எனக்கு ஒண்ணு, என் வீட்டுக்காரி பேச்சித்தாய்க்கு ஒண்ணு. வேற ஆளுக்குப் போகப்படாது.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“அவ கழுத்துல அந்த வெந்நித் தழும்பு இருக்குல்லா.” சட்டையின் மேல் பட்டனைத் திருகினார். “கைதவறி விழுந்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. தவறல. நான்தான் ஊத்துனேன், இருபத்திரெண்டு வருசம் ஆகுது. அது எனக்கே வரட்டும்.”

அந்த ஈட்டை மட்டும் பிரமசக்தி தன் கையில் தடவிப் பார்க்கவில்லை; ரெண்டே பேர் பூசினால் மாறுவதற்கு வேறு இடம் கிடையாது. ஒரு வாரத்தில் பேச்சித்தாயின் கழுத்து சுத்தமாகிவிட்டது, கங்காணியின் கழுத்தில் காதடியிலிருந்து தோள்வரை தோல் சுருங்கி மின்னியது. அவர் சட்டையின் மேல் பட்டனைப் போடாமல் அளத்துக்குப் போய்வந்தார். யாராவது என்ன அண்ணாச்சி இது என்று கேட்டால் உள்ளதைச் சொன்னார், ஒவ்வொரு தடவையும். பேச்சித்தாய் அவரை மன்னித்தாளா என்று தெரியாது. இப்போது ஏழு கல் சங்கிலி ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மற்ற எல்லா ஈட்டையும் முதலில் தன் கையில் தடவிப் பார்க்கிறவள் என்பதால் பிரமசக்தியின் இடது முழங்கையின் உட்பக்கத்தில் ஊரின் ஏதாவது ஒன்று வந்து இறங்கிக்கொண்டே இருந்தது: யாருடையதோ தேமல், யாருடையதோ பருவின் குழி, ஒரு கொசுக்கடி. ஆனால் மச்சங்கள் மாறத் தொடங்கினதிலிருந்து நெற்றியில் அவள் ஒரு நாளும் பூசவில்லை. அந்த வெள்ளையை இன்னொருத்தி முகத்துக்கு அனுப்ப மனசு வரவில்லை; அளத்தில் வெந்துகொண்டிருக்கிற எந்தப் பெண்ணுக்கு அதைக் கொடுப்பது? எதற்காக ஆரம்பித்தாளோ அது மட்டும் அப்படியே இருக்க, மற்றவர்களுக்காகக் கிண்டினாள்.

பதினோராம் ஈட்டில் நாற்பது டப்பா. முப்பத்தொன்று ஊரிலேயே போனது, ஒன்பது கூரியரில் வெளியூர்களுக்குப் போனது. மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாம்பார் வாளியை எட்டிக் கொடுத்த மருமகளின் கையைச் சிவனணைஞ்சாள் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. வாளி இருவருக்கும் நடுவில் அப்படியே தொங்கியது.

“மிளகு,” என்றாள். பிறகு, “கடுகு.”

பிரமசக்தி குனிந்து பார்த்தாள். முழங்கையின் மடிப்பில், பச்சை நரம்பின் மேல், ஒரு பெரிய கருப்பும் அதன் தோளில் சாய்ந்ததுபோல் ஒரு சின்னக் கருப்பும் இருந்தன. மூன்று பிணங்களின் காதுக்குப் பின்னால் அவள் தேடினது.

“எம்புள்ளை உசுரோட இருக்கான்” என்று சிவனணைஞ்சாள் சொன்ன சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். அவள் மருமகளின் முழங்கையில் முத்தம் கொடுத்தாள், அழுதாள், மறுபடி முத்தம் கொடுத்தாள். பிரமசக்தியும் அழுதாள். ஒன்பது வருஷமாகச் செத்திருக்கக் கூடாது என்றும் சில நாள் செத்தே இருக்கலாம் என்றும் மாறி மாறி நினைத்தவளுக்கு, இதில் எதற்கு அழுகிறோம் என்று பிடிபடவில்லை.

ஊர் அதையும் முறையாகவே எடுத்துக்கொண்டது. பதினோராம் ஈட்டைச் சேர்ந்த வீடுகளில் இருந்த ஆம்பளைகள் எல்லாம் தாங்களாகவே வந்து இடது காதை மடக்கிக் காட்டிவிட்டு இட்லி சாப்பிட்டுப் போனார்கள். ஸ்டேஷனில் ஏட்டையா பழைய புகாரை எடுத்து, பிரமசக்தியின் கையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

“அடையாளம் பொருந்துதும்மா. ஆனா சட்டப்படி பாத்தா இப்ப காணாமப் போன ஆளு நீங்கதான்” என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

“கிடைச்சிட்டேன்னு எழுதிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு அவள் வந்துவிட்டாள்.

அந்த ஒன்பது கூரியர் சீட்டையும் அவள் அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள். எல்லாம் பெண்கள் பேர். ஒவ்வொன்றாக எடுத்து விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், ஆளி விதையை ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது, தாராபுரத்திலிருந்து மலர்விழி என்ற பெண் போனில் குரல் பதிந்து அனுப்பினாள்.

“அக்கா, வணக்கமுங்க்கா. உங்க ஜெல்லு ரொம்ப நல்லா இருக்குதுங்க்கா. எங்க வூட்டுக்காரருக்குக் காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இருந்துச்சுங்க, வேர்க்குருன்னு நானே கொஞ்சம் பூசி வுட்டேன், மச்சமே போயிருச்சுங்க்கா. வண்டி ஓட்டி ஓட்டி அவருக்கு நெத்தியெல்லாம் கருத்துக் கெடக்குது, அதுக்குத் தனியா எதாச்சும் செஞ்சு தருவீங்களாக்கா? பசங்க ரெண்டும் அப்பனைக் கருப்பான்னு கேலி பண்ணுதுங்க.”

இவ்வளவு சொல்லி அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால், வேறு அறையிலிருந்து ஓர் ஆம்பளைக் குரல் கேட்டது. “ஏட்டி, டீயில சீனி போட்டியா இல்லியா?”

தாராபுரத்தில் யாரும் பெண்டாட்டியை ஏட்டி என்று கூப்பிடுவதில்லை, சர்க்கரையைச் சீனி என்று சொல்வதும் இல்லை. மச்சம் போய்விட்டது, பேச்சு போகவில்லை. பிரமசக்தி அடுப்பை அணைத்தாள். அடித்தால் வலிக்க வேண்டிய இடம் ஒன்பது வருஷமாக மரத்துப் போயிருந்தது. பிறகு அது மெதுவாக வலிக்க ஆரம்பித்தது. நன்றாகவே வலித்தது. உயிரோடு இருந்திருக்கிறான், டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறான், அவள் பிணங்களின் காதை மடக்கிக்கொண்டிருந்த அந்த மூன்று நாளும் எங்கேயோ உட்கார்ந்து சீனி போட்ட டீ குடித்திருக்கிறான்.

சிவனணைஞ்சாளிடம் மறைக்க அவள் நினைக்கவில்லை. போனைக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னாள். கிழவி ஏழு தடவை கேட்டாள். ஏழு தடவையும் அந்தப் பெண் பேசுகிறவரை பொறுமையில்லாமல் இருந்து, கடைசிக் குரல் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ரெண்டு பிள்ளையாமா?”

“ஆமா அத்தை.”

“சீனின்னுதான் சொல்லுதான் இன்னும்.” எழுந்து போய்ச் சாமிப் படத்துக்குக் கீழே இருந்த அந்த மாசத்து அட்டையை எடுத்து, அதில் மிச்சமிருந்த பொட்டுகளைப் பார்த்தாள், அதை இடுப்பில் சொருகிக்கொண்டாள், மறுபடி எடுத்து அடுப்புச் சாம்பலில் போட்டாள். “தூங்கும்போதும் எடுக்காதன்னு சொன்னேனே” என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. பிறகு, “நான் பஸ்ஸேறிப் போயி நாலு கேள்வி கேட்டுட்டு வரட்டா?” என்றாள்.

“வேண்டாம் அத்தை. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அவளைப் போட்டு அழவைக்கதுக்கா?”

“அப்ப என்ன செய்யப் போற?”

“ஆர்டர் வந்திருக்குல்லா. அனுப்பணும்” என்றாள் பிரமசக்தி.

மறுநாள் காலைக் கடை முடிந்ததும் அவள் இரண்டு டப்பாவுக்கு மட்டும் ஒரு ஈடு போட்டாள். இதுவரை போட்ட எல்லா ஈட்டையும்விட நிதானமாகப் போட்டாள். ஆளி விதை நூல் விழுகிற பதத்தில் இறங்கியது, துணியில் வடிந்தது, பொடிகளைத் தராசில் நிறுத்து, நூற்றுக்கு நாலு, ஒரு துகள் கூடவில்லை, குறையவில்லை, தனியாகக் கரைத்து, கைச்சூட்டுக்கு ஆறவிட்டு, நூல் மாதிரி விட்டு, ஒரே பக்கமாகச் சுற்றினாள். சுற்றும்போது யாரையும் நினைக்கவில்லை, கட்டி தட்டாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர. காகிதம் சரியான நிறம் காட்டியது. கங்காணிக்குப் போட்டதைப் போல இதையும் முழங்கையில் தடவிப் பார்க்கவில்லை. ஒரு டப்பாவின் மேல் ‘வீட்டுக்காரருக்கு மட்டும், நெற்றியில் மட்டும், வேறு யாரும் தொடக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதி, கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, கூரியர்காரனிடம் கொடுத்தாள்.

அது போய்ச் சேர்ந்த தகவல் வந்த அன்றைக்குக் கண்ணாடி முன்னால் நின்று பொட்டைப் பிய்த்தாள். ஒன்பது வருஷத்தில் அந்த இடத்தை அவள் பகலில் இவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. வட்டமாக, சுற்றிலும் அளவெடுத்து வெட்டினதுபோல், பால் வெள்ளை. அதன் மேல் ஒரு விரல் ஜெல்லைத் தடவினாள். குளிர்ந்தது.

பொட்டில்லாமல் இட்லி ஊற்ற உட்கார்ந்தவளை ஊர் பார்த்தது. சிவனணைஞ்சாள் பக்கத்தில் சட்னிக் கரண்டியோடு உட்கார்ந்திருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஞானதீபம் டீச்சர் மட்டும், “நெத்தி இப்பத்தான் நெத்தி மாதிரி இருக்கு” என்றாள்.

நாலாம் நாள் வெள்ளையின் ஓரம் மங்கியது. ஆறாம் நாள் உள்ளே நிறம் ஏறியது. ரோடு ரோடாக அலைந்து ஒருத்தன் நெற்றியில் வாங்கின வெயில் அவ்வளவும் வந்து அந்த வட்டத்துக்குள் இறங்கி, அவள் சொந்த நிறத்துக்குச் சரியாக நின்றது. எட்டாம் நாள் அங்கே ஏதோ இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். முழங்கையில் மிளகும் கடுகும் அப்படியே இருந்தன. அதை அவள் அனுப்பவில்லை. அவனை அடையாளம் சொல்ல இனிமேல் யாருக்கும் அது தேவைப்படாது.

ஒன்பதாம் நாள் காலை, முதல் ஈடு இட்லி வெந்துகொண்டிருந்தபோது மலர்விழியின் குரல் வந்தது. “அக்கா, நெத்திக் கருப்பெல்லாம் போயிருச்சுங்க்கா. ஆனா நடு நெத்தியில வட்டமா, ஒரு ரூபாக் காசாட்ட, வெள்ளையா வந்துருச்சுங்க. அழிச்சாலும் போவ மாட்டேங்குது. அவரு கண்ணாடியப் பாத்துட்டு வெளியவே போவ மாட்டேங்கறாருங்க, ஒரு பேச்சும் பேச மாட்டேங்கறாரு. பயமா இருக்குதுங்க்கா. இதுக்கு என்ன பண்றதுங்க்கா?”

பிரமசக்தி இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்து, வெந்துவிட்டதா என்று விரலை நனைத்துக் குத்திப் பார்த்து, மறுபடி மூடிவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள்.

“பயப்படாத தங்கச்சி, உசுருக்கு ஒண்ணும் செய்யாது. அதுக்கு மருந்து கிடையாது. மேல ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி மறைச்சுக்கிடச் சொல்லு. தூங்கும்போதும் எடுக்கப்படாது. நான் ஒம்பது வருசம் அப்படித்தான் மறைச்சேன். யாரு சொன்னதுன்னு அவரு கேட்டா, தருவைக்குடி பிரமசக்தி சொன்னான்னு சொல்லு.”